வேலி தெரியாத நோய்

நமது அங்கத்தவர்களின் வருமானத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் நாட்கூலியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். தென்னந்தோட்டத்தில் மாதம் எத்தனை நாள் வேலை, மரமுந்திரிகைத் தோட்டத்தில் எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் ஏறாத இன்னொரு சம்பளம் நம் வளவுகளில் நிற்கிறது. மாரி மழையில் தோட்ட வேலை நின்றுபோகும் நாட்களில் சந்தைக்குப் போகும் ஒரு குலை, சோற்றுக் கடைக்குப் போகும் ஒரு கட்டு இலை, கறிக்கு ஒரு பொத்தி, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு நல்ல விலை போகும் பழச்சீப்பு. இந்தக் காசில் பெரும்பகுதி வீட்டுப் பெண்களின் கைக்கு நேரே வருவது. பிள்ளையின் கொப்பியும் பஸ் காசும் அதிலிருந்துதான் போகின்றன. கங்காணியிடமும் முதலாளியிடமும் கேட்டு வாங்க வேண்டியிராத காசும் அது ஒன்றே.

அந்த வாழையைப் பிடிக்கும் ஒரு நோயைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம். தொழிற்சங்கப் பத்திரிகைக்கு வாழை நோயோடு என்ன வேலை என்று கேட்பவர்கள் கடைசி வரை வாசிக்கட்டும்.

நோயின் பெயர் முடிக்கொத்து நோய். புதிதாக வரும் குருத்து முன்னையதைவிடக் குட்டையாகவும் ஒடுக்கமாகவும் வரும். இலைகள் விரிந்து சாயாமல் நிமிர்ந்து, உச்சியில் குடுமி கட்டியதுபோல் நெருக்கி நிற்கும். ஓரம் மஞ்சளித்து, தொட்டால் முறியும். அதற்கு முன்பே ஓர் அடையாளம் உண்டு. இலைக்காம்பையும் நடுநரம்பின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக விட்டுவிட்டு ஓடியிருந்தால் மரம் நோய்ப்பட்டுவிட்டது. இளமரத்தில் வந்தால் குலையே வராது. முதிர்ந்த பிறகு வந்தால் கோணிய, காசுக்கு உதவாத ஒரு குலை வரும்.

இது ஒரு வைரசு. மடலின் அடியிலும் குருத்தைச் சுற்றியும் மொய்க்கும் கருமையான சிறு பூச்சிதான் இதை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. அதை அழுக்கணவன் என்கிறோம். தமிழ்நாட்டில் அசுவினி என்பார்கள். வாழையில் எறும்பு அதிகம் ஏறி இறங்கினால் மடலுக்குள் அழுக்கணவன் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அது சுரக்கும் இனிப்புக்காகத்தான் எறும்பு அங்கே போகிறது. நோய் பிடித்த மரத்தைக் குணப்படுத்த எந்த மருந்தும் கிடையாது. கடையில் ஒரு போத்தலை நீட்டுவார்கள். பூச்சியைக் கொல்ல அது உதவலாம், ஆனால் மரம் திரும்பாது. அந்த மரத்தின் கிழங்கிலிருந்து வரும் குட்டிகளுக்கும் அதே கதிதான்.

வாழையில் இன்னொரு நோயும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பனாமா வாடல். கப்பல் என்றும் கோழிக்கூட்டு என்றும் நாம் சொல்லும் வாழையை அது எளிதில் பிடிக்கும். அடி இலைகள் முதலில் மஞ்சளித்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தொங்கும். தண்டை வெட்டினால் உள்ளே கபில நிறம் ஓடியிருக்கும். அது மண்ணில் வாழும் பூஞ்சணம். பல பத்தாண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். வெள்ளத்திலும், மண்வெட்டியில் ஒட்டிய சேற்றிலும் போகும். மாரிக்கு மாரி வெள்ளம் ஏறும் நம் தாழ்நிலங்களுக்கு அது தனியாக எழுத வேண்டிய விடயம். இன்று பேசுவது முடிக்கொத்தை.

அவுஸ்திரேலியாவில் இந்த நோய் பரவும் தூரத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். புதிதாக நோய்ப்படும் மரங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஏற்கனவே நோயுற்ற மரம் ஒன்றிலிருந்து 20 மீற்றருக்குள் நிற்பவை. நம் குடியிருப்புகளில் 20 மீற்றர் என்றால் என்ன? வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள வளவு. ஆகவே உங்கள் வாழையை நீங்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்தாலும் போதாது. பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாடு போய் வளவு காடு பற்றிக் கிடந்தால் அங்கே நிற்கும் ஒரு நோய் மரம் உங்கள் பத்து மரங்களையும் எடுத்துவிடும்.

தூரத்துக்கு அதைக் கொண்டுபோவது பூச்சியல்ல, நாம். வாழைக்குட்டி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் நம்மிடம் இல்லை. புது வளவுக்கு முதலில் போவது தென்னம்பிள்ளையும் வாழைக்குட்டியும்தான். அந்தக் குட்டி பார்வைக்குச் சுகமாகத்தான் இருக்கும். நோய் ஏறிய பின் அடையாளம் தெரிய வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். அழுக்கணவன் தானாக வாவியைக் கடப்பது அரிது. மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய வாழைக்குட்டி வலையிறவுப் பாலத்தால் ஐந்து நிமிடத்தில் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போய்விடும். கல்யாண வாசலில் கட்டிய குலைவாழையை அடுத்த நாள் கொண்டுபோய் வளவு மூலையில் சாத்துகிறோமே, அதில் அழுக்கணவன் இருந்தால் அதுவும் அங்கேயே இறங்கும்.

மனிதர் கையால் நோய் ஊர்விட்டு ஊர் போனதற்கு நம் தீவே சாட்சி. முடிக்கொத்து முதலில் பதிவானது ஃபீஜித் தீவுகளில், 1889இல். இலங்கையில் 1913இல் காணப்பட்டது. இங்கிருந்து 1940 அளவில் கேரளத்துக்குப் போனது என்றே அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். கேரளத்துக்கு அப்பால் தமிழ்நாட்டின் கீழ்ப்பழனி மலையில் அது செய்த வேலை பெரிது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழை அங்கே ஒரு காலத்தில் 18,000 ஹெக்டெயரில் நின்றது. முடிக்கொத்து புகுந்த பிறகு அது 2,000 ஹெக்டெயர் அளவுக்குச் சுருங்கியது. 2008இல் அந்த வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் தோட்டங்களில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. அங்கே மீட்பு வேலை நோயற்ற தாய்மரத்தைத் தேடுவதிலிருந்து தொடங்கியது. ஆய்வுகூடத்தில் பரிசோதித்து, இழைய வளர்ப்பில் கன்று எடுத்து, அதை மலைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. நோயைப் பார்த்தும் பாராமல் விட்ட காலத்துக்கு அந்த மக்கள் கொடுத்த விலை அது.

இதே நோயை மடக்கி வைத்த ஊரும் உண்டு. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கு ஃபீஜிக் கன்றுகளோடு 1913இல் முடிக்கொத்து வந்தது. 1920களின் நடுப்பகுதியில் நியூ சவுத் வேல்சின் வடக்கிலும் குயின்ஸ்லாந்தின் தெற்கிலும் வாழைச் செய்கை ஏறக்குறையப் படுத்துவிட்டது. மகீ என்ற இளம் ஆய்வாளர் நோயைக் கொண்டுபோவது அழுக்கணவனும் நோய்ப்பட்ட கன்றும்தான் என்று கண்டு, 1927இல் அதை எழுதி வெளியிட்டார். அதன்மேல் சட்டம் வந்தது. எந்த வாழையும் பதிவில்லாமல் நிற்கக் கூடாது, அனுமதியில்லாமல் கன்று இடம் மாறக் கூடாது, நோய் மரம் எவருடையதானாலும் உடனே அழிக்கப்பட வேண்டும், பரிசோதகர்கள் வளவு வளவாக நடக்க வேண்டும். 1930களில் செய்கை மீண்டது. நோய் அங்கே இன்றும் முழுதாக ஒழியவில்லை. ஆனால் நூறு வருடமாக அதைத் தலையெடுக்க விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் கையில் மருந்து இருக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து, ஒரே விதிக்குள் நின்றார்கள். தொழிற்சங்கம் நடத்துகிற நமக்கு இது புரியாத பாடமல்ல.

இனி, செலவு யார் தலையில் என்ற கேள்விக்கு வருவோம். தோட்டத் தொழிலாளியின் வம்சத்தில் பிறந்தவர்களுக்குப் பயிர் நோய் புதிய கதையல்ல. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூசு கண்டது. அப்போது துரைமார் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மேலும் மேலும் காட்டை வெட்டிக் கோப்பியே நட்டார்கள். உச்சத்தில் 275,000 ஏக்கர் வரை இருந்த கோப்பி, இருபது வருடத்துக்குள் மலைநாட்டிலிருந்து ஏறக்குறைய இல்லாமல் போனது. 1884இல் ஓரியண்டல் வங்கியும் சரிந்தது. தோட்டக்காரர்களில் பலர் கடனோடு போனார்கள். மிஞ்சியவர்கள் தேயிலைக்கு மாறினார்கள். நம் முன்னோர் என்ன ஆனார்கள்? சம்பளம் பாக்கி நின்றது. பிழைப்பில்லாமல் கடல் கடந்து திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

வாழையிலும் அதே கதைதான். மத்திய அமெரிக்காவில் பனாமா வாடல் பரவியபோது யுனைட்டெட் ஃபுரூட் கம்பனி நிலத்தைக் கைவிட்டு வேறு நிலத்துக்குப் போய்விட்டது. கொஸ்டாரிக்காவில் கிழக்குக் கரையை விட்டு மேற்குக் கரைக்குப் போனபோது, 1934ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கறுப்பினத் தொழிலாளரை அங்கே வேலைக்கு எடுப்பதைத் தடுத்தது. தலைமுறையாகக் குலை வெட்டியவர்கள் நோய் மண்ணோடு கிடந்தார்கள். கம்பனிக்கு நோயை விட்டுப் போக வேறு நிலம் இருந்தது. கால் ஏக்கர் வளவில் இருப்பவர் எங்கே போவது?

1958இலும் 1977இலும் அடிபட்டு மலையகத்தை விட்டுக் கிழக்குக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரர்களும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். காடு வெட்டி, கிணறு தோண்டி, முதலில் நட்டது வாழைதான். அந்த வளவுக்கு இன்னும் உறுதியோ அனுமதிப் பத்திரமோ கையில் இல்லாதவர்களும் உண்டு. காகிதம் இல்லாதவருக்கு நிவாரணமும் மானியக் கன்றும் எளிதில் எட்டுவதில்லை. அரசின் இலவசப் பயிர்க் காப்புறுதியைப் பார்த்தால் நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, பெரிய வெங்காயம், மிளகாய் என்ற 6 பயிர்கள் இருக்கின்றன, வாழை இல்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைப் பெரியவர்கள் மறக்கவில்லை. ஒரே இரவில் தென்னை விழுந்ததை உலகமே கண்டது. காற்றும் வெள்ளமும் அடித்தால் கிராம உத்தியோகத்தர் கணக்கெடுக்க வருகிறார். வளவு வளவாக, சத்தமில்லாமல், ஒரு வருடம் எடுத்து அழிக்கும் நோய்க்கு அப்படிக் கணக்கெடுக்க எவரும் வருவதில்லை.

இந்த நிலையில் நோய் மரத்தைத் தோண்டி எறியுங்கள் என்று ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துவிட்டுப் போவது எளிது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமே பயிரைத் தாக்கும் நோயும் பூச்சியும் நாட்டுக்குள் வராமலும் பரவாமலும் தடுப்பதுதான். அது நல்ல சட்டம், அதை எதிர்க்க மாட்டோம். ஆனால் எட்டு வாழை வைத்திருக்கும் ஒரு தாயிடம் மூன்றைப் பிடுங்கச் சொன்னால், அவள் பிடுங்குவது தன் வளவைக் காக்க மட்டுமல்ல, அடுத்த நாற்பது வளவுகளையும் சேர்த்துத்தான். ஊருக்காக அவள் இழப்பதை ஊரும் அரசும் ஈடுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவள் அந்த மரத்தை மறைப்பாள், அதைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் இல்லை.

ஆகவே நமது கோரிக்கை நேரானது. பிடுங்கும் ஒவ்வொரு மரத்துக்கும் பரிசோதித்த, நோயற்ற ஒரு கன்று வீட்டு வாசலுக்கு வர வேண்டும், காணிப் பத்திரம் கேட்காமல். கரடியனாற்றில் அரச விவசாயப் பண்ணை இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. நோயற்ற தாய்மரத்தைத் தெரிந்து கன்று பெருக்கும் அறிவை நாம் வெளிநாட்டில் தேடத் தேவையில்லை. காப்புறுதியில் வாழையையும் சேர்க்கச் சொல்லி நமது சங்கம் கமத்தொழில் அமைச்சுக்கு எழுதும். மற்றச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் அதில் கையொப்பமிட வேண்டும். இந்த விடயத்தில் சங்க வேறுபாடு பார்ப்பவர்களைக் கண்டு நாம் சிரிக்கத்தான் முடியும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. ஒவ்வொரு கிளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, எல்லா வளவுகளையும் ஒரே நாளில் நடந்து பார்க்கட்டும். ஆளில்லாத வளவுகளையும் உரியவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். முடிந்தால் விவசாயப் போதனாசிரியரை உடன் அழையுங்கள்; சந்தேகமான மரத்தை அவர் பார்த்துச் சொல்லட்டும். நோய் உறுதியானால் உடனே வெட்டிச் சாய்க்க வேண்டாம். மரம் விழுந்தால் அழுக்கணவன் பக்கத்து மரத்துக்குப் போய்விடும். முதலில் போதனாசிரியர் சொல்லும் மருந்தைக் குருத்துக்கும் மடல் இடுக்குகளுக்கும் அடித்துப் பூச்சியைக் கொன்றுவிட்டு, பிறகு தாய்மரம், குட்டி, கிழங்கு என்று முழு மூட்டையும் தோண்டி, சிறு துண்டுகளாக வெட்டிக் காயவிடுங்கள். கிழங்கில் ஒரு துண்டு மண்ணில் மிஞ்சினாலும் அதிலிருந்து நோயோடு குட்டி முளைக்கும். அதனால் இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த இடத்தை மறுபடி பாருங்கள். நோய் கண்ட குடியிருப்பிலிருந்து ஒரு வருடத்துக்குக் குட்டி வெளியே போக வேண்டாம், உள்ளேயும் வர வேண்டாம். சொந்தக்காரர் கேட்டால் கிளை முடிவு என்று சொல்லுங்கள். மனஸ்தாபம் கிளையின் தலையில் விழட்டும்.

எத்தனை வளவு பார்த்தீர்கள், எத்தனை மரம் பிடுங்கினீர்கள், யாருக்கு எத்தனை கன்று சேர வேண்டும் என்பதை ஒரு கொப்பியில் எழுதிக் கிளைச் செயலாளர் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். அமைச்சுக்குப் போகும் கடிதத்தோடு அந்தக் கொப்பிகளின் பிரதிகளையும் சேர்த்து அனுப்புவோம்.