ருஜுவுக்கு அடங்காத சந்தேகம்

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1945 ஆகஸ்டு 18-ம் தேதி தைஹோக்கு நகரில் விமான விபத்துக்குள்ளாகி, அன்றிரவே ராணுவ ஆஸ்பத்திரியில் காலமானார் என்று ஜப்பான் அறிவித்தது. அன்று தொட்டே அதை நம்ப மறுப்போர் நம் நாட்டில் பலர். அவர்களுடைய தேசபக்தியை நாம் சந்தேகிக்கவில்லை. வாதமுறையையே பரிசீலிக்க விரும்புகிறோம்.

உடன் சென்று உயிர்தப்பிய ஹபீபுர் ரஹ்மான் விபத்தை நேரில் கண்டதாகச் சாட்சி சொன்னார். தலைவரின் கட்டளைப்படி அவர் ரகசியம் காக்கிறார் என்றார்கள். 1956-ல் ஷா நவாஸ் கமிட்டியும், 1974-ல் கோஸ்லா கமிஷனும் விபத்து உண்மையே என்று முடிவு கூறின. அவை சர்க்காரின் கருவிகள் என்றார்கள். நேதாஜி காலமாகிவிட்டார், ஆனால் விபத்தில் அல்ல என்று 2005-ல் முகர்ஜி கமிஷன் கூறிற்று. அதுவும் சர்க்கார் நியமித்ததே. எனினும் அதன் பின்பாதியை ஏற்று, முன்பாதியை விட்டவர்களும் உண்டு. 2016-ல் மத்திய சர்க்கார் கோப்புகளை வெளியிட்டது. வெளிவராத கோப்புகளில்தான் உண்மை இருக்கிறது என்றார்கள்.

சதிக் கதையின் பலம் இதுவே. மறுக்கும் சாட்சி, சதியில் ஒரு பங்காளியாகிவிடுகிறான். ஆவணம் இல்லையென்றால், அதுவே சதியின் தடயமாகிவிடுகிறது. அத்தகைய விபத்துக்குத் தங்களிடம் குறிப்பில்லை என்று தைவான் அதிகாரிகள் சொன்னது பெரிதாகப் பேசப்பட்டது. விபத்து நேர்ந்த நாளில் அத்தீவை ஆண்டது ஜப்பான் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்கள்?

ஏழாண்டுக் காலம் ஒருவரைப் பற்றி அவருடைய உற்றார் ஒரு செய்தியும் அறியாதிருந்தால், அவர் உயிரோடிருப்பதாகச் சொல்பவரே அதை ருஜுப்படுத்த வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். சதிக் கதையோ இப்பாரத்தைத் தலைகீழாக்குகிறது. சொல்பவருக்கு ஊகம் போதும். மறுப்பவரோ இல்லாத ஒன்றை இல்லையென்று நிரூபிக்க வேண்டும்!

சதியே உலகில் இல்லை என்பது நம் கட்சியன்று. அன்னிய ஆட்சியில் வஞ்சிக்கப்பட்ட ஜனங்கள் அதிகார அறிக்கையை ஐயுறுவது இயல்பே. சுதந்திர இந்திய சர்க்காரும் பல்லாண்டுகள் கோப்புகளைப் பூட்டிவைத்து அவ்வையத்தை வளர்த்தது. அக்குற்றம் பெரிது. ஆனால் சர்க்கார் மறைத்தது என்பதால் மட்டும் நாம் ஊகித்தது மெய்யாகிவிடாது.

ஐயுறுவோரிடம் ஒரே கேள்வி கேட்போம்: எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் கொள்கையைக் கைவிடுவீர்கள்? பதில் உண்டெனில் விவாதத்துக்கு இடமுண்டு. இல்லையெனில் அது நம்பிக்கை. அதை எந்தக் கமிஷனாலும் விசாரிக்க முடியாது.

இதனால் நேர்ந்த நஷ்டம் சிறிதன்று. நேதாஜியுடையது எனப்படும் அஸ்தி 1945 முதல் டோக்கியோவின் ரென்கோஜி ஆலயத்தில் இருக்கிறது. அதைத் தாயகம் கொணர வேண்டுமென்று அவருடைய புதல்வி ஸ்ரீமதி அனிதா கேட்டிருக்கிறார். 1897-ல் பிறந்த தலைவர் திரும்பி வருவார் என்று காத்திருப்பதைவிட, அவர் புதல்வியின் வேண்டுகோளுக்குச் செவிசாய்ப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.