அம்புக்குறிக்கு உண்டு, அருந்தமிழுக்கு இல்லையா?

கணினிக்கு நிரல் எழுதுவோரிடையே சில ஆண்டுகளாக ஒரு வழக்கம் வேரூன்றி வருகின்றது. எழுதிய நிரலுள் நான்கு வரியோ நாற்பது வரியோ பிரித்தெடுத்து, அத்துணுக்கை ஓர் அழகிய படமாக்கி, இணையத்தில் ஊரறிய வைப்பதே அது. 2023-இல் எக்சு எனப் பெயர் மாற்றிக்கொண்ட துவிட்டர் போன்ற இடங்களில் நிரலை எழுத்தாகவே இட்டால் வரியின் உள்தள்ளல் குலையும், வண்ணம் இராது, எழுத்தெண்ணிக்கைக்கும் வரம்புண்டு. படமாக்கினால் இத்தொல்லைகள் இல்லை. ஆகவே இதற்கென்றே தனிக் கருவிகள் தோன்றின. 'கார்பன்' என்பது அவற்றுள் பெரும்பெயர் பெற்றது. நிரலைக் கொணர்ந்து இட்ட நொடியில் கரும்பலகை ஒன்று விரியும். அதன் மேல் மூலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று புள்ளிகள் மின்னும். பலகையின் பின்னே நிழல் படியும். சொல்லுக்குச் சொல் வண்ணம் மாறும். (ஆப்பிள் கணினியின் சாளரத்தில் உள்ள மும்மணிப் புள்ளிகளை, அக்கணினியைத் தொட்டும் அறியாதவன் தன் படத்தின் தலையில் ஒட்டிக்கொண்டு மகிழும் உளப்பாங்கு தனியே ஆராயத்தக்கது. அது நிற்க.)

இவ்வகைக் கருவிகள் நாளொரு புதுமையும் பொழுதொரு பொலிவுமாக வளர்கின்றன. பின்புலத்திற்கு ஒன்றோடொன்று கரையும் வண்ணங்கள் வந்தன. வேண்டிய வரியை ஒளியூட்டி, ஏனைய வரிகளை மங்கச் செய்யும் வசதி வந்தது. படத்தை இருமடங்கும் நான்மடங்கும் பெருக்கி எடுக்கும் வாய்ப்பு வந்தது. சில கருவிகளில் நிரல் எழுத்தெழுத்தாய் முளைத்துவரும் அசைவூட்டமும் வந்துவிட்டது. எழுத்துருக்களைக் கேட்கவே வேண்டா. ஏக்கு, பிரா கோடு, செட்பிரெயின்சு மோனோ என்று வரிசை நீளும்.

அவற்றுள் 'பிரா கோடு' என்னும் எழுத்துருவின் பெருமை ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். நிரலில் ஒரு கிடைக்கோட்டையும் அதனையடுத்து ஒரு கோணக்குறியையும் இட்டால், அவ்விரண்டும் இணைந்து ஓர் அம்பாக மாறும். வியப்புக்குறியும் சமக்குறியும் அடுத்து வந்தால், குறுக்கே கோடு வெட்டிய சமக்குறியாகும். உள்ளே இருப்பவை இரண்டு குறிகள். கண்ணுக்குத் தோன்றுவது ஒன்று. நிரலாளன் கண் அயர்வுறாமல் படிக்க வேண்டுமே என்று, குறியோடு குறி கூடிப் புதுவடிவம் பெறும் முறையை இணையிணையாய் ஆராய்ந்து வரைந்திருக்கின்றனர். பாராட்டலாம். ஆனால் குறியோடு குறி கூடி ஓர் எழுத்தாகும் முறையையே உயிர்நாடியாகக் கொண்ட மொழி ஒன்று, ஈராயிரம் ஆண்டுகட்கு மேலாக எழுதப்பட்டு வருகின்றதே, அதற்கு அவ்வெழுத்துருவில் இடம் என்ன? ஓர் எழுத்தும் இல்லை. உரோமம், கிரேக்கம், சிரில்லிய எழுத்துகட்கு இடமளித்தவற்றுள் தமிழின் அகரமும் இல்லை; ஆய்தமும் இல்லை. ஏக்கிலும் இல்லை, செட்பிரெயின்சு மோனோவிலும் இல்லை. உயிரற்ற அம்புக்குறிக்குக் கிட்டிய பரிவு உயிர்மெய்க்குக் கிட்டவில்லை!

இதனால் விளைவது யாது? 'விலை' என்றும் 'எண்ணிக்கை' என்றும் தமிழிலேயே பெயரிட்டு ஒருவன் நிரல் எழுதுகின்றான் என்க. அதனைப் படமாக்கும்போது, தெரிந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லாமையால், உலாவி வேறோர் எழுத்துருவைக் கடன் வாங்கி நிரப்பும். ஒரே அகலக் கட்டங்களில் அணிவகுத்து நிற்கும் உரோம எழுத்துகளிடையே தமிழ் மட்டும் ஓரிடத்தில் பிதுங்கியும் ஓரிடத்தில் நெருங்கியும் நிற்கும். மேல்வரியும் கீழ்வரியும் நேர்நில்லா. படம் ஆக்கப்படும் கணினியில் தமிழெழுத்துருவே இல்லையெனின், சொல் முழுதும் வெற்றுக் கட்டங்களாகும். எழுத்தெழுத்தாய் முளைக்கும் அசைவூட்டத்தைக் குறியீடு குறியீடாக வெட்டி அமைத்தாலோ, 'கை' தோன்ற வேண்டிய இடத்தில் முதலில் 'க' தோன்றிப் பின்னர் ஐகாரக்கொம்பு முளைத்து எழுத்தே மாறும். குறியைத் தாயெழுத்தினின்று பிரித்துத் தனியே வண்ணமிட்டால் புள்ளிவட்டம் ஒன்று இடையே எழுந்து நிற்கும். அப்படத்தைக் காணும் தமிழ் மாணவன், "நிரலுக்குத் தமிழ் ஒத்துவராது" என்ற முடிவுக்கே வருவான். கருவியின் குறை மொழியின் குறையாக அவன் நெஞ்சில் பதியும். இங்குள்ள தீங்கு அழகைப் பற்றியதன்று. ஒரு தலைமுறையின் தன்மதிப்பைப் பற்றியது.

வண்ணமிடும் பகுதியை இன்னும் சற்று உள்நுழைந்து காணுதல் தகும். எது சொல், எது குறி என்று அறிந்தால்தான் சொல்லுக்கு வண்ணமிட இயலும். அதற்கென நிரல்மொழிகளில் 'சொல்லெழுத்து' எது என்பதற்கு ஒரு வாய்பாடு உண்டு. சாவாக்கிரிப்டில் அவ்வாய்பாடு ஏற்கும் எழுத்துகள் 63 மட்டுமே: ஆங்கிலத்தின் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, அடிக்கோடு 1. அதன் கணக்கில் தமிழ் முழுமையும் சொல்லே அன்று. எல்லா மொழியெழுத்தையும் கண்டறியும் வேறு வழி அம்மொழியிலேயே 2018-இல் வந்துவிட்டது. பழைய வாய்பாட்டையே பற்றிக்கொண்டு இயங்குவன இன்னும் பல. பைத்தான் நிலை இதனினும் விந்தை. 2008-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல் தமிழ்ச்சொல்லை நிரற்பெயராக வைக்க இசைவுண்டு. ஆயின் அதே பைத்தானில் சொற்களைத் தேடிப் பிரிக்கும் உள்ளமைந்த வாய்பாட்டிடம் 'தமிழ்' என்னும் சொல்லைக் கொடுத்தால், அது இகரக்குறியையும் புள்ளியையும் எழுத்தல்ல என்று தள்ளிவிட்டு, 'தம' என்றும் 'ழ' என்றும் இரு துண்டமாக்கித் தருகின்றது! 'எண்ணிக்கை' நான்கு துண்டமாகின்றது. ஒரு கை வாவென்று அழைக்கின்றது. மறு கை வெட்டி வீழ்த்துகின்றது. இத்தகைய வாய்பாட்டின்மேல் கட்டிய எந்த நிறமூட்டியும் தமிழ்ச்சொல்லுக்கு எங்ஙனம் ஒரே வண்ணம் தீட்டும்?

வேர் எங்குள்ளது? 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு இடம் வகுத்தபோது, தில்லி அரசின் தரக்குறியீடாகிய 1988-ஆம் ஆண்டு 'இசுக்கி' அடிப்படையாயிற்று. அவ்வடைப்பு, நாகரி உள்ளிட்ட எழுத்துகள் அனைத்தையும் ஒரே அச்சில் வார்க்க எண்ணியது. அதன்படி 'க' முதலெழுத்தாகவும், 'க்' அதன்மேல் புள்ளி சேர்ந்து பிறக்கும் கூட்டெழுத்தாகவும் தலைகீழாயின. மெய்யின் இயற்கை புள்ளியொடு நிற்றல் என்று தொல்காப்பியர் வகுத்த இலக்கணம் எங்கே? மெய்யைச் சிதைந்த உயிர்மெய்யாகக் கொண்ட இவ்வடைப்பு எங்கே? புள்ளியைச் 'சேர்க்குறி' என்று வகைப்படுத்தினர். சேர்க்குறி சொல்லெழுத்தன்று என்று பின்வந்தோர் வாய்பாடு செய்தனர். அவ்வாய்பாட்டின்மேல் கருவி கட்டினர். ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்க, அடியில் நசுங்கியது தமிழ். ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் 'தமிழ் அனைத்தெழுத்துக் குறியீடு' ஒன்றனை 2010 சூனில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்று ஆணையிட்டது. உலகக் கருவிகள் அதனைப் பொதுவழக்காகக் கொள்ளவில்லை.

இந்நிலையில் ஒரு கூட்டம் தவறாமல் எழுந்து வரும். "தமிழெழுத்தின் அகலம் ஒன்றுபோல் இல்லை, ஞகரமும் ணகரமும் பரந்தவை, ஒகர ஓகாரக் குறிகள் இருபுறமும் நிற்பவை, ஆகவே ஒரே அகல எழுத்துருவுக்குத் தமிழ் பொருந்தாது, எழுத்தைத் திருத்துக" என்று கூறும். உகர ஊகார உயிர்மெய்களுக்குப் புதுக்குறி இடுக என்று முன்னர்க் கூக்குரலிட்டதும் இத்தகைய கூட்டமே. 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற பெரியாரின் மாற்றத்தையும் அவர்கள் துணைக்கு இழுப்பர். அம்மாற்றம் 13 எழுத்துகளின் வடிவை ஏனைய எழுத்துகளோடு ஒப்பச் செய்தது. ஓர் எழுத்தையும் ஒழிக்கவில்லை. கருவிக்காகக் காலை வெட்டிக்கொள்ளச் சொல்வோர்க்கு அது சான்றாகாது.

அகலம் ஒவ்வாது என்னும் உரைக்கு விடை முன்னரே எழுதப்பட்டுவிட்டது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இரா. முத்தையா கணினி என்ற பேச்சே எழாத காலத்தில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்தார். தட்டச்சுப்பொறியோ விசைக்கு விசை ஒரே அளவு நகரும் பொறி. இன்றைய ஒரே அகல எழுத்துருவுக்கு அதுவே தாய். அழுத்தினாலும் பொறியை நகர்த்தாத நகராவிசைகளை வைத்து, குறியும் எழுத்தும் ஓரிடத்தில் கூடுமாறு செய்தார் அவர். இரும்பாலும் மையாலும் ஒரு தமிழன் கண்ட வழியை, நொடிக்குக் கோடிக்கணக்கான கணக்கிடும் பொறியால் காண இயலாதாம்! இனி, சீன எழுத்துக்கு ஒரு கட்டம் போதாது என்றறிந்தபோது அவர்கள் என் செய்தனர்? சீனர் தம் எழுத்தைச் சுருக்கிக்கொள்ளட்டும் என்றனரா? ஓர் எழுத்துக்கு இரு கட்டம் என்று ஒருங்குறியிலேயே அகலப்பண்பு வகுத்தனர். அவ்வட்டவணையில் தமிழ் எவ்வகைக்கும் உரியதாகாது 'நடுநிலை' எனக் கிடக்கின்றது. கேட்டவர்க்குக் கட்டம் கிடைத்தது, தமிழர் கேட்டிலர்.

இப்படவழக்கில் மற்றொரு கேடும் உண்டு. படமானவுடன் எழுத்து எழுத்தாய் இராது, தேடினால் அகப்படாது, படியெடுத்து இயக்கிப் பார்க்க இயலாது, மாற்றெழுத்து விளக்கம் உடன் இடாவிடில், கண்பார்வையற்றவர்க்குத் திரைவாசிப்பான் 'படம்' என்று கூறி நின்றுவிடும். ஆங்கிலத்திற்கு இவ்விழப்பு சிறிது. அதே செய்தி எழுத்து வடிவில் ஆயிரம் இடங்களில் கிடக்கும். தமிழில் நிரல் கற்பிக்கும் குறிப்புகளே அருகியவை. அவ்வருகிய குறிப்பையும் படத்துள் அடைத்துவைத்தால், தேடுபொறியின் கண்ணுக்குத் தமிழில் நிரற்கல்வி என்ற ஒன்றே இல்லை என்றாகும்.

குற்றம் அயலாரதோ? பாதியளவே. தமிழில் பாடம் நடத்தும் தமிழ் நிரலாளர் எத்துணையர்! வாய் தமிழ் பேசும்; விரல் இடும் பெயரெல்லாம் 'கவுண்ட்', 'டோட்டல்', 'நேம்' என்றே வரும். 'தொகை' என்றும் 'பெயர்' என்றும் இடுவதைப் பைத்தான் தடுக்கவில்லை. தடுப்பது அவர்தம் கூச்சம். தமிழ்ச் சொற்களாலேயே ஆணையிடும் 'எழில்' என்னும் நிரல்மொழியைத் தமிழரே ஆக்கித் திறந்து வைத்தும், அதனைத் தொட்டுப் பார்த்தோர் சிலரே. யாரும் தமிழில் எழுதாதபோது, தமிழ் சிதைகின்றது என்று கருவி செய்வோனிடம் முறையிடுவோர் யாவர்? முறையீடு வாராதபோது அவன் அம்புக்குறியை அழகுசெய்யாமல் வேறென் செய்வான்?

கார்பனின் மூலநிரல் எவரும் எடுத்துத் திருத்துமாறு திறந்தே கிடக்கின்றது. பிரா கோடும் அங்ஙனமே. மொசில்லாவுக்கென வரைந்த எழுத்துருவினின்று அது கிளைத்ததும் அத்திறப்பால்தான். தில்லியிடம் மனுக்கொடுக்க வேண்டுவதில்லை; எவர் வாயிலிலும் காத்து நிற்க வேண்டுவதில்லை. தமிழுக்கு ஒரு கட்டமும் இரு கட்டமுமாக அளவு வகுத்து 247 எழுத்தையும் வரைந்த எழுத்துரு ஒன்று வேண்டும். அதனைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் செய்யலாம். பொறியியற் கல்லூரி மாணவர் நால்வர் கூடியும் செய்யலாம். புள்ளியும் உயிர்க்குறியும் சொல்லின் உறுப்பே என்று நிறமூட்டிகளின் வாய்பாட்டைத் திருத்தி அனுப்புதல் அடுத்த வேலை. அசைவூட்டத்தை எழுத்தளவில் நகர்த்துதல் அதற்கடுத்தது. இவை நிறைவேறும் வரை, தமிழில் நிரல் கற்பிப்போர் படம் ஒன்றை இடுங்கால் அதன் கீழே நிரலை எழுத்தாகவும் இடுவாராக. அந்நிரலில் ஒரு பெயரேனும் தமிழில் இருப்பதாக.