நிலை முந்தினால் உயிர் தங்குமா?

நுரையீரலில் புற்று வேர்விடும்போதே உடலின் எதிர்ப்பு அணுக்களில் அதன் தடம் விழத் தொடங்குகிறது. ரத்த வெள்ளையணுக்களில் சில மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன, சில அடங்குகின்றன. கட்டியை இனங்கண்ட டி செல்கள் பெருகுகின்றன. பி செல் வழிவந்த அணுக்கள், கட்டியின் புரதங்களுக்கு எதிராக ஆன்டிபாடிகளைச் சுரக்கின்றன. இந்தத் தடத்தை ஒரு குழாய் ரத்தத்தில் படித்துவிட்டால், இருமலும் எடைக்குறைவும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் நோயெதிர்ப்பு அணுக்களை வைத்துச் செய்யப்படும் பரிசோதனைகளின் அடிப்படை. அறிவியல் சரிதான். ஆய்வுக்கூடத்திலிருந்து சந்தைக்கு அது ஓடும் வேகம்தான் சரியில்லை.

அந்த ஓட்டத்துக்கு அமெரிக்காவில் போடப்பட்டிருந்த வேகத்தடையை 2025 மார்ச் 31 அன்று டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் பெயர்த்தெடுத்துவிட்டது. ஓர் ஆய்வகம் தானே வடிவமைத்துத் தன்னிடத்திலேயே செய்யும் பரிசோதனைக்கு அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் முன் அனுமதி நடைமுறையில் தேவைப்பட்டதில்லை. இவற்றைப் படிப்படியாகக் கண்காணிப்புக்குள் கொண்டுவர எஃப்.டி.ஏ. 2024 மே மாதம் வகுத்த விதியைத்தான் நீதிமன்றம் ரத்து செய்தது. புற்றுநோயைக் கண்டறிவதாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனைகள் பல விற்பனைக்கு வருவது இந்த வாசல் வழியாகத்தான்.

இத்துறையில் எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை. பிலடெல்ஃபியாவின் விஸ்டர் ஆய்வு நிலையத்தில் லூயிஸ் ஷோ குழுவினர் 2009இல் வெள்ளையணுக்களின் 29 மரபணுக்களைக் கொண்டு, நுரையீரல் புற்று உள்ளவர்களையும் வேறு நுரையீரல் நோய் உள்ளவர்களையும் 86 சதவீதத் துல்லியத்துடன் பிரித்துக் காட்டினார்கள். அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்தபின் அந்த அடையாளம் பலரிடம் மங்கவும் செய்தது. நேர்த்தியான ஆய்வு. அதன் வழிவந்த ‘டிடர்மாவு’ என்ற பரிசோதனையைக் கலிஃபோர்னியாவின் ஆன்கோசைட் நிறுவனம் வளர்த்தெடுத்தது. 2019இல் நல்ல முடிவுகளை அறிவித்த அதே நிறுவனம், அடுத்த கட்டச் சரிபார்ப்பில் பரிசோதனை தேறாததால் 2020இல் அதைக் கைவிட்டது.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வெள்ளையணு எதற்கும் அசையும். ஊசியில் எடுத்த ரத்தம் சாதாரணக் குழாயில் சில மணி நேரம் இருந்தாலே அதன் மரபணு இயக்கம் மாறிவிடும். அதற்காகவே ஆர்.என்.ஏ.வை அப்படியே நிறுத்திவைக்கும் வேதிப்பொருள் ஊற்றிய தனிக் குழாயில் இரண்டரை மில்லி ரத்தம் பிடிக்கிறார்கள். குழாயைக் காப்பாற்றலாம், ஆளை என்ன செய்வது? நெடுங்காலம் புகைபிடித்தவர்களில் பலருக்கு மூச்சிரைப்பு நோய் இருக்கும். இரைப்பு கூடும்போது அவர்கள் விழுங்கும் பிரெட்னிசலோன் மாத்திரை, சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில்களை ஏற்றி லிம்ஃபோசைட்டுகளை இறக்கிவிடும். யாருக்காக இந்தப் பரிசோதனை உருவாக்கப்படுகிறதோ, அவர்களுடைய ரத்தத்தில்தான் கலக்கம் அதிகம். காசநோய் பரவலாக உள்ள இந்தியா போன்ற நாடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும்.

டி செல் ஏற்பிகளின் வரிசையைப் படிக்கும் முறை இதைவிடப் புதியது. அண்மையில் வெளியான ஓர் ஆய்வில், நோயில்லாதவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாக விலக்கும் அளவுகோலில், முதல் நிலைப் புற்றுகளில் ஏறக்குறைய பாதி பிடிபட்டன. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நூற்றில் ஒருவருக்கு நோய் இருக்கும் பத்தாயிரம் பேரிடம் இதே திறனோடு இதைச் செய்தால், நூறு நோயாளிகளில் ஐம்பது பேர் அகப்படுவார்கள், ஐம்பது பேருக்கு ‘ஒன்றுமில்லை’ என்று தாள் கிடைக்கும். நோயே இல்லாத 1,980 பேர் கலங்கிப்போய் ஸ்கேன் வாசலில் நிற்பார்கள்.

ஸ்காட்லாந்தில் நடந்த பெரிய சோதனைதான் ஆதரவாளர்களின் முதன்மைச் சான்று. 50 முதல் 75 வயதுக்குட்பட்ட, புகைப்பழக்கத்தால் ஆபத்து மிகுந்த 12,208 பேர் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஏழு ஆன்டிபாடிகளைத் தேடும் ‘எர்லி சி.டி.டி. லங்’ பரிசோதனை நடந்தது. குறி தென்பட்ட 598 பேருக்கு எக்ஸ்ரேயும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், முற்றிய நிலையில் கண்டறியப்படுவது 36 சதவீதம் குறைந்தது என்ற கணக்கு செய்திகளில் வலம்வந்தது.

அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பரிசோதனை நடந்த பிரிவில் 56 பேருக்குப் புற்று, அதில் முற்றியவை 33. மற்ற பிரிவில் 71 பேருக்குப் புற்று, முற்றியவை 52. ரத்தம் எடுத்ததால் யாருக்கும் புற்று வராமல் போவதில்லை. ஆகவே 71க்கும் 56க்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி தற்செயலாகத்தான் இருக்க முடியும். தொடக்க நிலையில் பிடிபட்டவை இந்தப் பக்கம் 23, அந்தப் பக்கம் 19. பன்னிரண்டாயிரம் பேரை வைத்து நடத்திய சோதனையில் கூடுதலாகக் கிடைத்தது நான்கு! போதாக்குறைக்கு, அந்த 56 பேரில் பரிசோதனை அடையாளம் காட்டியது 18 பேரை மட்டுமே, 38 பேரைத் தவறவிட்டது. நுரையீரல் புற்று மரணங்களில் இரு பிரிவுகளுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு அந்த இரண்டு ஆண்டில் தெரியவில்லை.

நிலை முந்திவிட்டாலே உயிர் தங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு மறுப்பு, கருப்பைக்குப் பக்கத்தில் உள்ள இன்னோர் உறுப்பில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. சினைப்பைப் புற்றைக் கண்டறிய ‘சி.ஏ. 125’ என்ற ரத்தப் பரிசோதனையை முன்னிறுத்தி, பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். உஷா மேனன், இயன் ஜேக்கப்ஸ் ஆகியோர் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் பங்கேற்றவர்களைப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தார்கள். ஆண்டுதோறும் ரத்தம் எடுத்து, தேவைப்பட்டால் ஸ்கேனும் செய்த பிரிவில் முதல் நிலைப் புற்றுகள் 47 சதவீதம் கூடின, நான்காம் நிலைப் புற்றுகள் ஏறக்குறைய 25 சதவீதம் குறைந்தன. ஸ்காட்லாந்து முடிவைவிட வலுவான நிலைமாற்றம் இது. 2021இல் வெளியான இறுதிக் கணக்கில் காப்பாற்றப்பட்ட உயிர்கள்? சினைப்பைப் புற்று மரணம் குறையவே இல்லை. கசப்பான முடிவை மறைக்காமல் எழுதிய அந்த ஆய்வாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும். இந்த ஒரு முடிவை மனத்தில் இருத்தியவர் எவரும் ‘நிலை குறைந்தது’ என்ற விளம்பர வரியில் மயங்கமாட்டார்.

ஸ்கேனுக்கு வர மறுப்பவர்கள் ரத்தம் கொடுக்க வருவார்கள் என்பது ஆதரவாளர்களின் வாதம். ரத்தத்தில் குறி தென்பட்டால் அவர் அதே ஸ்கேனுக்குத்தான் வந்தாக வேண்டும். குறி இல்லாவிட்டால், புகைப்பதை விடாமலிருக்க அவர் கையில் ஒரு சான்றிதழ் சேரும். வாதம் அத்தோடு முடிந்தது.

ஆள் வரவில்லை என்றால் கருவியை ஆளிடம் கொண்டுபோவதே வழி. இங்கிலாந்தில் சி.டி. கருவி ஏற்றிய வண்டிகள் சூப்பர் மார்க்கெட் வாகன நிறுத்தத்தில் நிற்கின்றன. 55 முதல் 74 வயதுவரையுள்ள, ஆபத்து மிகுந்தவர் என்று கணிக்கப்பட்டு அழைக்கப்பட்ட புகைப்பழக்கக்காரர் காய்கறி வாங்கும் இடத்திலேயே படுத்து எழுந்து போகலாம். அத்திட்டத்தில் அகப்பட்ட புற்றுகளில் 76 சதவீதம் தொடக்க நிலையில் இருந்தவை என்று 2023 ஜூனில் பிரிட்டன் அரசு அறிவித்து, நாடு முழுவதற்கும் விரிக்க முடிவெடுத்தது. நிலைக் கணக்கு இங்கும் உண்டு, ஆனால் அதற்குப் பின்னால் மரணக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் 53,454 பேரிடம் நடந்த சோதனையில் நுரையீரல் புற்று மரணம் 20 சதவீதம் குறைந்ததாக 2011இல் தெரிந்தது. நெதர்லாந்து–பெல்ஜியம் ஆய்வில் பத்து ஆண்டு முடிவில் ஆண்களிடம் 24 சதவீதம். ஸ்கேனிலும் பொய் எச்சரிக்கை மலிந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் உயிர் மிச்சமான கணக்கு அதன் பக்கம் இருக்கிறது.

ஸ்கேனில் தெரிந்த முடிச்சு புற்றா, ஆறிய தழும்பா என்று குழம்பும் மருத்துவருக்கு ‘எர்லி சி.டி.டி. லங்’ ரத்தப் பரிசோதனை துணையாகலாம் என்பது ஆதரவாளர்களின் கடைசிப் பிடி. பயாப்ஸி ஊசியைத் தவிர்க்க முடிந்தால் நல்லதுதான். அந்தப் பயன்பாட்டையும் மருத்துவ முறைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் ஆராய்ந்து, பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. அதே ஏழு ஆன்டிபாடிகளைத் தேடும் பரிசோதனை அமெரிக்காவில் ‘நோடிஃபை சி.டி.டி.’ என்ற பெயரில் விற்பனையில் இருக்கிறது. நீதிமன்றம் கைவிரித்த நிலையில், அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, மரணம் குறைந்ததாக ஒரு சோதனையிலாவது நிரூபிக்கப்படாத எந்தப் புற்றுநோய் ரத்தப் பரிசோதனையையும் நோயறிகுறி இல்லாதவர்களுக்கு விற்கத் தடை விதிக்க வேண்டும். முடிச்சுக்கான பரிசோதனைகளும் ஆராய்ச்சி மருத்துவமனைகளுக்கு வெளியே போகக் கூடாது.