மலைக்குள் எரியும் அடுப்பு

ஸ்னோ ஒயிட் என்னும் ராஜகுமாரி காட்டில் வழிதவறிச் சித்திரக்குள்ளர் எழுவரின் குடிலுக்குள் பசியோடு நுழைந்தபோது, வெள்ளைத் துணி விரித்த சிறு மேஜையின்மேல் ஏழு தட்டுகளும் ஏழு கிண்ணங்களும் வைத்திருக்கக் கண்டு, எவனுடைய பங்கையும் முழுதாக எடுத்துவிட மனமில்லாமல், ஒவ்வொரு தட்டிலிருந்தும் சிறிது காயும் ரொட்டியும் உண்டு, ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு துளி மது பருகினாள் என்று, கிரிம் சகோதரர் 1812-ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைத்தொகுதி சொல்லுகிறது. சிறுவயதில் இக்கதையைக் கேட்ட நாமெல்லோரும் நஞ்சூட்டிய ஆப்பிளை நினைவில் வைத்துக்கொண்டோம். அந்த ரொட்டியை மறந்துவிட்டோம். பகல் முழுவதும் மலையைக் குடைந்து உலோகம் தேடும் அந்த எழுவருக்காகக் கோதுமை விதைத்தவர் யார், திராட்சை பிழிந்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். இன்று நாவலிலும் திரைப்படத்திலும் கணினி விளையாட்டிலும் சித்திரக்குள்ளர் குலம் பல்கிப் பெருகியிருக்கிறது; நம் இளைஞரிலும் சிலர் தமிழிலேயே மாய உலகங்களைப் படைக்க முனைந்திருப்பது எனக்கு மெய்யான சந்தோஷத்தைத் தருகிறது. ஆனால் நீண்ட தாடி, கனத்த கோடரி, நுரை ததும்பும் பீர்க் குவளை, சுட்ட இறைச்சித் துண்டு ஆகிய நான்கையும் எடுத்துக் கொடுத்துவிட்டால் ஒரு ஜாதியைச் சிருஷ்டித்துவிட்டோம் என்று எண்ணுகிற மனோபாவம், கற்பனை செய்யும் உழைப்பிலிருந்து தப்பித்துக்கொள்ளும் வழியாகும். பீருக்கு வாற்கோதுமை வேண்டும். வாற்கோதுமைக்குச் சூரியன் வேண்டும். சூரியனே எட்டிப் பாராத பாதாள மண்டபங்களில் வாழும் ஜனங்கள் நாள்தோறும் பீப்பாய் பீப்பாயாகக் குடிக்கிறார்கள் என்றால், அந்த மலைக்கு வெளியே எங்கோ ஒரு குடியானவன் அவர்களுக்காக ஏர் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பதே அதன் பொருள்.

காளான் உண்டு வாழட்டுமே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பாரிஸ் நகரத்தின் கீழே கைவிடப்பட்ட கற்சுரங்கங்களில் 19-ஆம் நூற்றாண்டில் காளான் பயிர்செய்தது வாஸ்தவம்தான். ஆனால் அந்த இருட்டிலே காளானுக்கு உணவாக அமைந்தது மேலே வெயிலில் விளைந்த புல்லைத் தின்ற குதிரைகளின் லத்தி. காளான் தானே உணவை ஆக்குவதில்லை, பிறிதொன்று மட்கிய எச்சத்தையே உண்ணுகிறது. ஆகவே காளான் தோட்டம் வைத்த குள்ளனுக்கும் மரமோ சருகோ எருவோ மேலிருந்து வந்தே தீரவேண்டும். ஆடம்ஸ் சகோதரர் இருவர் ஆக்கி 2006-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ என்னும் கணினி விளையாட்டில், குகையின் பாறைத் தரையில் எதுவும் விளையாது. முதலில் தண்ணீரைப் பாய்ச்சிச் சேறு படியச் செய்த பிறகே விதைக்கலாம். இந்த ஒரு நியமத்தினால் அவ்விளையாட்டின் உலகம் எத்தனை நம்பிக்கைக்குரியதாகிவிட்டது!

உண்மையான மலைக்குடிகளைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஆஸ்திரியாவில் ஹால்ஷ்டாட் என்னும் ஏரிக்கரைச் சிற்றூருக்கு மேலே உள்ள உப்புச் சுரங்கத்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் உப்பு வெட்டினார்கள்; அவர்கள் கொளுத்திய மெல்லிய மரச் சிராய்களும், சுமந்த தோற்பைகளும், அவர்களுடைய மலமுங்கூட, உப்பினால் கெடாமல் காப்பாற்றப்பட்டு இன்று ஆராய்ச்சியாளர் கைக்குக் கிடைத்திருக்கின்றன. வாற்கோதுமையும் தினையினத் தானியமும் அவரையினப் பயறும் சேர்த்து வேகவைத்த கூழே அவர்களுடைய நித்திய போஜனம். சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மாதிரியில் பீர் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டும், நீல நரம்போடிய பாலாடைக்கட்டியை முதிரச் செய்யும் பூஞ்சையும் இருந்தன என்பது 2021-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கதாசிரியர்கள் குருட்டாம்போக்கில் குள்ளன் கையில் கொடுத்த பீர், நிஜமான சுரங்கக்காரன் வயிற்றிலேயே அகப்பட்டது கண்டு நான் வியந்தேன். அந்த உயர்ந்த பள்ளத்தாக்கில் மரக்கட்டைகளால் பெருந்தொட்டிகள் அமைத்துப் பன்றியிறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்தினார்கள். அத்தனை பன்றிகளை மேய்க்க அங்கே இடமில்லையாதலால், அவை கீழ்நாட்டிலிருந்து வந்தவை என்றே கொள்ளவேண்டும். உப்பு கீழே இறங்கியது, உணவு மேலே ஏறியது. அந்தப் போக்குவரத்தின்மேல்தான் ஓர் ஊர் நின்றது. நமக்குச் சமீபத்தில், பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக ஆழ்ந்துபோய் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கத்திலும், தமிழ்க் கூலிக் குடும்பங்களின் உலைக்கு வேண்டிய அரிசி பிறர் வயலிலிருந்தே வந்தது. தங்கத்தை எவராலும் பொங்கித் தின்ன முடியாது.

இந்த ஒன்றை ஒப்புக்கொண்ட எழுத்தாளனுக்கு மற்றவை தாமாகவே வந்து சேரும். மலைக்குள் புகை போக வழி குறைவு. ஆகவே வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டுவது சாத்தியமன்று. உலோகம் உருக்கும் பேருலையின் மிச்ச வெப்பத்தில் தெருவுக்கு ஒரு பொது அடுப்பு, அதற்கு ஒரு முறை, அந்த முறையைக் காக்க ஒரு பஞ்சாயத்து என்று ஒரு சமுதாயமே அந்தப் புகையிலிருந்து எழும்பும். உப்பிட்டதும் உலர்த்தியதும் புளிக்கவைத்ததும் அவர்களுக்கு அன்றாடச் சாப்பாடு. நாம் சொற்ப விலைக்கு வாங்கி வதக்கும் பச்சைக்கீரை அங்கே கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளைக்கு மட்டும் பரிமாறப்படும் அபூர்வப் பதார்த்தமாக இருக்கும். களஞ்சியத்தின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ அவரே, சிங்காசனத்தில் யார் வீற்றிருந்தாலும், மெய்யான அரசர். சண்டையில் ஒருவனைத் திட்டவேண்டுமானால், பங்குக்கு மேல் தின்றவன் என்பதைவிடக் கொடிய வசை அவர்கள் பாஷையில் இராது. டெர்ரி பிராட்செட் தம் நாவல்களில் குள்ளர் ரொட்டியை ஆயுதமாகவும் பயன்படும் கல் போன்ற பண்டமாக்கி, அதற்கு ஒரு காட்சிசாலையும் அமைத்தது வெறும் சிரிப்புக்காக மட்டுமென்று நான் கருதவில்லை. கெடாத உணவே பெருஞ்செல்வம் என்று அறிந்த ஜனங்கள் அதைப் பூஜிக்கத்தான் செய்வார்கள். ஐஸ்லாந்தில் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்னோரி எழுதிவைத்த புராணத்திலேயே, கவிதை வரம் தரும் தேன்மதுவைக் காய்ச்சியவர்கள் ஃப்யாலர், காலர் என்ற இரு குள்ளர்கள்தாம்.

இவ்விஷயத்தில் எல்லோரையும்விட ஆழ்ந்து யோசித்தவர் டோல்கீன். அவர் 1937-இல் வெளியிட்ட ‘ஹாபிட்’ நாவலின் தொடக்கத்தில், பதின்மூன்று குள்ளர் பில்போ என்னும் சாதுவின் வீட்டுக்கு வந்து அவனுடைய உக்கிராணத்தைக் காலி செய்துவிட்டு, எல்லாப் பாத்திரங்களையும் பாடிக்கொண்டே தாங்களே துலக்கி வைக்கிறார்கள். அவர்கள் குலத்தில் மூன்றில் ஒரு பங்கே பெண்கள் என்று டோல்கீன் பிற்பாடு எழுதியதைச் சேர்த்துப் பார்க்கையில், அடுக்களை வேலைக்கு நாணாத ஆண்மக்களை அவர் படைத்ததன் பொருத்தம் விளங்குகிறது. அவர்களுடைய தலைவன் தோரின், தன் பாட்டன் காலத்துப் பெருமையை வர்ணிக்கும்போது, வெளிமனிதர் தங்கள் பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்பி அதற்கு ஈடாக உணவுப்பொருள் கொடுத்தார்கள், நாங்கள் எதையும் பயிரிட்டதேயில்லை என்று பெருமிதத்தோடு சொல்லுகிறான். அந்தப் பெருமையே பிற்பாடு அவனுக்கு வினையாக முடிகிறது. அவன் முன்னோரின் மலையைக் கவர்ந்திருந்த டிராகன் மாண்டு மலை நிறைய பொன் கைக்கு வந்தபின், அந்த டிராகனால் வீடிழந்த ஏரிநகரத்தாருக்கு நியாயமான பங்கு கொடுக்க மறுத்து வாயிலை அடைத்துக்கொண்ட தோரினுக்கு, அதே ஏரிநகரத்தார் பிரயாணத்துக்கென்று செய்யும் ‘க்ராம்’ என்ற வறட்டு ரொட்டியைத் தவிர உண்ண வேறு அதிகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. அயலாரின் சிநேகமின்றிக் குளிர்காலத்தில் எதைத் தின்பாய் என்று ஒரு கிழ அண்டங்காக்கை அவனைக் கேட்கிறது. அரசியல் என்பது என்ன என்று அந்தப் பறவைக்குத் தெரிந்திருந்தது, அரசனுக்குத் தெரியவில்லை.

தோரின் போரில் மாண்டான். அவனுக்குப்பின் அரசனான டெயின் பொன்னிலும் வெள்ளியிலும் பதினான்கில் ஒரு பங்கை மனிதர் தலைவனாகிய பார்டிடம் கொடுத்தான். சில ஆண்டுகள் சென்றபின் பில்போவைப் பார்க்க வந்த பாலின் என்னும் கிழக்குள்ளன் கொண்டுவந்த சேதி, மலையடிவாரத்தில் டேல் நகரம் மீண்டும் எழுந்துவிட்டது, பாழாய்க் கிடந்த பள்ளத்தாக்கு முழுவதும் உழுது பயிரிடப்பட்டிருக்கிறது என்பதாகும்.