மௌனம் சம்மதமல்ல

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று ஒரு வாசகம் நம்மிடையே நெடுங்காலமாக நடமாடிக்கொண்டிருக்கிறது. இதை முதலில் சொன்னவன் யாராக இருந்தாலும் சரி, அவன் சம்மதம் கேட்கும் இடத்தில் இருந்தவனே தவிர, சம்மதம் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவன் அல்ல. பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்று கையைத் துடைத்துக்கொண்டு, தலைகுனிந்து நின்றவளைப் பார்த்து, "பெண் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே சம்மதந்தான்" என்று தாம்பூலம் மாற்றிக்கொண்ட கதையைக் கதாசிரியர்கள் எத்தனை விதமாகவோ எழுதிவிட்டோம். நீங்களும் படித்துக் கண்ணீர் விட்டிருக்கிறீர்கள். அந்த அநியாயம் கலியாணக் கூடத்தை விட்டு மெல்ல மெல்ல வெளியேறுகிறது என்று நாம் திருப்திப்படும் வேளையில், அது நம் மேஜை மேலிருக்கும் கம்ப்யூட்டருக்குள் குடிபுகுந்திருக்கிறது.

விஷயம் இதுதான். மின்சாரக் கட்டணம் கட்டலாம் என்று பிரவுசரைத் திறக்கிறீர்கள். நீங்கள் கேட்ட பக்கம் வருவதற்கு முன்னால், கேட்காத நாலு பக்கங்கள் வந்து நிற்கின்றன. ஒன்று சூதாடக் கூப்பிடுகிறது. ஒன்று, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்!" என்று அலறுகிறது. மூன்றாவது, பெயரே கேள்விப்பட்டிராத ஒரு தேடும் பக்கம். நாலாவதைப் பற்றிக் குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் எழுதுவதற்கில்லை. மூடினால் போகின்றன; மறுநாள் காலையில் மறுபடி ஆஜர்!

கம்ப்யூட்டர் தெரிந்த மகானுபாவர்களிடம் போய் முறையிட்டுப் பாருங்கள். "நீங்கள்தான் எதையாவது அழுத்தியிருப்பீர்கள், சார்" என்பார்கள். அந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

'அழுத்தியது' என்றால் என்ன? ஏதோ ஒரு புரோகிராமை இறக்கிக்கொள்கிறோம். 'அடுத்தது, அடுத்தது' என்று கட்டங்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றின் மூலையில், எறும்பு எழுத்தில், "உங்கள் முகப்புப் பக்கத்தை மாற்றச் சம்மதம்" என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் 'டிக்' குறியையும் அவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள். அதை நாம் எடுக்காவிட்டால் சம்மதித்ததாக அர்த்தம். அதாவது, பத்திரத்தை எழுதியவர் அவர், கையெழுத்தும் அவர், சொத்து மட்டும் நம்முடையது.

இது ஏதோ சந்துக்கடைக்காரர்கள் செய்கிற சில்லறை வேலை என்று நினைக்க வேண்டாம். பெரிய மனிதர்கள் செய்தார்கள். ஜாவா என்கிற மென்பொருள் உலகமெங்கும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருப்பது. அதை வெளியிடும் ஆரக்கிள் கம்பெனி, பாதுகாப்புக்காக அவசியம் போட்டுக்கொள்ள வேண்டிய திருத்தங்களோடு சேர்த்தே, 'ஆஸ்க்' என்கிற தேடும் பட்டையையும் முன்கூட்டியே டிக் போட்டுப் பல ஆண்டுகள் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டை உடனே முகத்தைக் காட்டாமல் பத்து நிமிஷம் பதுங்கியிருந்துவிட்டுத்தான் தன்னை நிறுவிக்கொள்கிறது என்பதை 2013-ம் ஆண்டு ஆராய்ந்தவர்கள் அம்பலப்படுத்தினார்கள். சந்தேகப்பட்டு உடனே தேடினாலும் அகப்படக் கூடாது அல்லவா? 2015-ல் ஆரக்கிள் அந்தப் பட்டையைக் கைவிட்டது. கைவிட்டு என்ன செய்தது? அந்த இடத்தில் யாஹூவைக் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்தது. அதற்கும் டிக் தயாராகவே இருந்தது.

பூட்டுச் சரி செய்ய வந்தவர், வேலை முடிந்து போகும்போது தம் மைத்துனனை நம் வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்துவிட்டுப் போனால் நாம் என்ன சொல்வோம்? "நீங்கள் 'வேண்டாம்' என்று சொல்லவில்லையே" என்று அவர் சொன்னால் அதை நியாயம் என்போமா?

"இலவசமாகக் கொடுப்பவன் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பிழைக்கட்டும். பத்திரிகையும் விளம்பரத்தால்தான் பிழைக்கிறது. ஆனால் விளம்பரம் அதன் பக்கத்தில் இருக்கிறது. அதைப் புரட்டிவிட்டு நான் கதைக்குப் போகலாம். விளம்பரதாரர் என் வீட்டுக்குள் வந்து, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் போன பிறகும் எழுந்திருக்காமலிருப்பது வேறு விஷயம். மேலும், 'இலவசம்' என்ற பேச்சே பாதிப் பொய். தன் தேடுபொறி மற்றவர்களுடைய பிரவுசர்களிலும் போன்களிலும் தானாகவே அமைந்திருப்பதற்காக கூகுள் 2021-ம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்கக் கோர்ட்டில் வெளிவந்த கணக்கு. 2024 ஆகஸ்ட் 5-ந் தேதி நீதிபதி அமித் மேத்தா அளித்த தீர்ப்பிலும் அது இருக்கிறது. நம் கண் முதலில் எங்கே விழுகிறது என்பதற்கு அத்தனை விலை! அந்த விலையுயர்ந்த சரக்கு நம்முடையது. அதைக் கேட்காமல் எடுத்துக்கொள்வதற்குத் தமிழில் ஒரு சின்னச் சொல் இருக்கிறது.

இதற்கு ஆளாகிறவர்கள் யார் என்று பாருங்கள். விஷயம் தெரிந்தவன் ஐந்து நிமிஷத்தில் துடைத்துப் போட்டுவிடுவான். மாட்டிக்கொள்பவர் ஓய்வு பெற்ற வாத்தியார். அவர் "நான்தான் கெடுத்துவிட்டேனோ" என்று பயந்து பேரனிடம் சொல்லாமலே மூடி வைக்கிறார். மாட்டிக்கொள்பவள், உதவிச் சம்பளத்துக்கு மனுப் போட அண்ணனுடைய கம்ப்யூட்டரைத் திறக்கும் பெண். அந்த நாலாவது பக்கம் திறக்கும் நேரத்தில் அப்பா பின்னால் வந்து நிற்கிறார். அவள் எத்தனை சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்கள்? எங்கோ ஒருவனுக்குச் சில காசு. இங்கே ஒரு பெண்ணின் படிப்புக்கே ஆபத்து. இதைத்தான் 'சின்னத் தொந்தரவு' என்கிறார்கள்.

சரி, வந்த விருந்தாளியை அனுப்பும் வழிதான் என்ன? பிரவுசரின் செட்டிங்ஸில் 'ஆன் ஸ்டார்ட்அப்' என்ற இடத்தில் குறித்திருக்கும் அந்நிய முகவரிகளை நீக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன்கள் பட்டியலில் நாம் சேர்க்காததைத் தூக்க வேண்டும். நோட்டிபிகேஷன் அனுமதிகளைப் பார்க்க வேண்டும். விண்டோஸின் புரோகிராம் பட்டியலைத் தேதிவாரியாகப் பார்த்து, புதிதாக முளைத்ததைக் களைய வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், பிரவுசர் படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', பிறகு 'டார்கெட்' என்ற வரியின் வாலில் யாராவது ஒரு முகவரியை ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து அழிக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்: உள்ளே வர ஒரு டிக், அதையும் அவர்களே போட்டுக்கொண்டார்கள். வெளியேற்ற ஐந்து வாசல். அத்தனையும் நாம் தேட வேண்டும்.

இந்தக் கணக்கைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன். நடக்காத காரியம் அல்ல. 2019 அக்டோபர் 1-ந் தேதி, பரிசுக் குலுக்கல் நடத்திய ஒரு ஜெர்மன் வலைத்தளத்தின் வழக்கில், முன்கூட்டியே போட்ட டிக் சம்மதமாகாது என்று ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. வழக்கு 'குக்கி'களைப் பற்றியது. நியாயம் எல்லாவற்றுக்கும் பொது. நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30-ந் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதின்மூன்று வகை ஏமாற்று வித்தைகளைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது. அதைக் கையில் எடுக்க ஆள் வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் செய்ய நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

நாம் கேட்க வேண்டியவை மூன்றே மூன்று. கட்டம் காலியாக இருக்கட்டும். டிக் நான் போடுகிறேன். என்னோடு யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று வாசலிலேயே பெயர் சொல்லட்டும். வந்த வழியாகவே, ஒரே அழுத்தலில், வெளியே போகட்டும். இதற்குச் சம்மதிக்காத கம்பெனி, தன் சரக்கில் தனக்கே நம்பிக்கையில்லாத கம்பெனி என்று நான் சொல்வேன். நல்ல சரக்குள்ளவன் கேட்டுத்தான் விற்பான்.

"இதற்கெல்லாம் போய் ஆத்திரப்படுவார்களா?" என்று வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். நாம் பேசாமல் இருப்பதைத்தான் அவர்கள் கையெழுத்தாக எடுத்துக்கொள்கிறார்கள்.