மணலுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது

ரூட்டைலிலிருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டு தயாரிக்கும் பாடம் உயர்தர இரசாயனவியலில் வந்த அன்று எங்கள் வகுப்பில் ஒரு வாக்குவாதம் நடந்தது. இந்தக் கனிமம் நமது புல்மோட்டைக் கரையில் கிடக்கிறது, நாம் அதை மணலாகவே கப்பலேற்றி அனுப்புகிறோம் என்று ஆசிரியை சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "ஏன் மிஸ், நாங்களே செய்யேலாதா?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. நானும்தான். மணலை விற்று, பெயின்ட் வாளியை வாங்கும் நாடு எப்படி முன்னேறும் என்று அன்று நான் கொஞ்சம் உரத்த குரலிலேயே பேசினேன்.

அந்தப் பேச்சில் பாதியை நான் இன்றும் சொல்வேன். மீதிப் பாதி எங்கள் வீட்டில் நடந்த ஒன்றால் மாறிப்போனது.

முதலில் அந்த வெள்ளைப் பொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோன்பு வருவதற்கு முன் வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டின் வெண்மை தைத்தேனியம் ஈரொட்சைட்டுதான். காலையில் பிரஷ்ஷில் பிதுக்கும் பற்பசையிலும், பிளாஸ்டிக் வாளியிலும், மாத்திரையின் மேற்பூச்சிலும், சில வகைத் தாள்களிலும் அது இருக்கிறது. எங்கள் சீருடைத் துணியில் பொலியெஸ்டர் கலந்திருந்தால், அந்த நூலின் மினுக்கத்தைக் குறைப்பதற்கும் இதையே சேர்க்கிறார்கள். இனிப்புப் பண்டங்களிலும் சேர்த்து வந்தார்கள். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் சேர்ப்பதை மட்டும் தடை செய்துவிட்டது. ஆக, வெள்ளைச் சீருடையும் வெள்ளைப் பர்தாவும் அணிந்து வெள்ளைச் சுவருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு "சுரங்கத் தொழிலே வேண்டாம்" என்று எழுத எனக்கு உரிமையில்லை. எழுதும் பென்சிலில் உள்ள காரீயம் போகல, கஹட்டகஹ போன்ற சுரங்கங்களில் கிடைக்கும் அதே பொருள். புத்தளத்தில் எங்கள் வீட்டைக் கட்டிய சீமெந்தின் சுண்ணாம்புக்கல் அருவக்காட்டில் வெட்டி ரயிலில் பாலாவிக்கு வந்தது. நாம் எல்லோரும் தோண்டியெடுத்த பொருட்களுக்குள்தான் வாழ்கிறோம்.

இனிப் புல்மோட்டை. திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்புக்கு அண்மையில் உள்ள அந்தக் கரையில் மணல் கறுப்பாக இருக்கும். இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய பாரமான கனிமங்கள் அதில் மிக அதிக செறிவில் உள்ளன. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் இலேசான மணலை இழுத்துச் சென்று பாரமானதைக் கரையில் விட்டுப்போகின்றன. அதாவது, நாம் தொழிற்சாலையில் செய்யும் முதல் வேலையைக் கடல் இலவசமாகவே செய்து தருகிறது. மிகுதியைக் காந்தமும் மின்னும் செய்கின்றன. வலிமையான காந்தம் இல்மனைட்டை இழுத்தெடுக்கும். மீதியில் ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது. அதைக்கொண்டு இரண்டையும் பிரித்துவிடலாம். இதற்கென 1957இல் அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனத்தை அமைத்தது. யுத்தம் அந்தத் தொழிலைப் பலமுறை முடக்கியது. 1997 செப்டெம்பரில் இல்மனைட் ஏற்ற வந்த ஒரு கப்பலே அந்தக் கடலில் தாக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு அது இன்னும் இயங்குகிறது, பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஓர் ஊரில் அடுப்பெரிய உதவுகிறது. அதை மூடு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தொன் இல்மனைட் சில நூறு டொலருக்குப் போகிறது, அதிலிருந்து செய்யும் வெண்பொடி ஆயிரக்கணக்கான டொலருக்குத் திரும்பி வருகிறது. என் வகுப்புத் தோழியின் கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் "நாமே செய்வோம்" என்பது நாங்கள் நினைத்த அளவுக்குச் சுத்தமான விடையல்ல. இல்மனைட்டிலிருந்து வெண்பொடி செய்யும் ஒரு முறையில் செறிந்த சல்பூரிக்கமிலம் வேண்டும். முடிவில் ஏராளமான இரும்புச் சல்பேற்றும் அமிலக் கழிவும் மிஞ்சும். குளோரைட்டு முறையில் குளோரீன் வாயுவை ஏறத்தாழ 1000 பாகை வெப்பத்தில் கையாள வேண்டும். வெண்மையை வாங்குகிற நாம் அந்தக் கழிவை இதுவரை வேறு யாருடைய ஆற்றங்கரையிலோ விட்டு வைத்திருக்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில் சவறா என்ற இடம் இருக்கிறது. அங்கேயும் புல்மோட்டை போன்ற கருமணல். நாங்கள் வகுப்பில் கேட்டதை அவர்கள் செய்துவிட்டார்கள். மாநில அரசின் தொழிற்சாலை அங்கேயே தைத்தேனியம் ஈரொட்சைட்டு தயாரிக்கிறது. அதே மணற்கரையில்தான் ஆலப்பாடு என்ற மீனவக் கிராமமும் இருக்கிறது, கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு மெல்லிய நாடாவைப் போல. தங்கள் நிலத்தைக் கடல் விழுங்கிக்கொண்டே வருவதற்கு மணல் அகழ்வே முக்கிய காரணம் என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். 2019 தொடக்கத்தில் அவர்களது போராட்டம் கேரளா முழுவதும் பேசப்பட்டது. தொழிற்சாலை உள்ளூரிலேயே இருந்ததால் ஆலப்பாட்டின் கரை அரிக்காமல் விட்டதா? மணலை என்ன விலைக்கு விற்பது என்பது ஒரு கேள்வி. அந்த மணல் கிடந்த இடத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு நல்ல விடை கிடைத்துவிட்டால் இரண்டாவது தீர்ந்துவிடாது.

இந்த இரண்டாவது கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. உம்மாவின் ஊர் மன்னார்த் தீவில் உள்ள எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்கள் படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்கள். உம்மாவுக்கு அப்போது எட்டு வயது. யுத்தம் முடிந்த பின் மாமா மட்டும் குடும்பத்தோடு திரும்பிப் போனார். போனவர் முதலில் கூரை போடவில்லை, கிணற்றைத்தான் இறைத்தார். இருபது வருடக் குப்பை, பனை மட்டை, ஒரு துருப்பிடித்த சைக்கிள் எல்லாம் அதற்குள்ளிருந்து வந்தனவாம். அதன் பிறகு ஊறிய தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்ததைப் பார்த்துத்தான் வீடு கட்டும் முடிவையே எடுத்தார்.

கடல் சூழ்ந்த அந்தத் தாழ்ந்த தீவில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது? மணலால்தான். ஆறு ஒன்றும் அங்கே இல்லை. மாரியில் பெய்யும் மழையை மணல் குடித்துவிடுகிறது. நன்னீரின் அடர்த்தி கடல்நீரைவிடக் குறைவு என்பதால், கீழேயுள்ள உப்புநீரின் மேல் அது ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டிருக்கிறது. கிணறுகள் அந்த வில்லையிலிருந்துதான் இறைக்கின்றன. அளவுக்கு மீறி இறைத்தாலே உப்பு மேலேறிவிடும். அந்தத் தீவு மணலில் இல்மனைட் இருக்கிறதென்று ஆய்வுத் துளைகள் இட்டார்கள். நீர்மட்டத்துக்குக் கீழேயும் கனிமம் இருக்கிறது என்பதுதான் விடயமே. மீனவர் சங்கங்களும் மதத் தலைவர்களும் ஊர் மக்களும் இனம் பாராமல் ஒன்றாக நின்று எதிர்த்து வருகிறார்கள். மன்னாரில் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதென்பது சாதாரண விடயமல்ல என்று வாப்பா சொல்வார்.

மணலை அள்ளி, கனிமத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, மிகுதியை அதே குழியில் திருப்பி நிரப்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குழி நிரம்பும், உண்மைதான். ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே கிளறிய பிறகு மேலிருந்த நன்னீரும் கீழிருந்த உப்புநீரும் கலந்துவிட்டால் அதை யார் பிரிப்பது? கரைந்த உப்பை நீரிலிருந்து பிரிக்க எவ்வளவு சக்தி செலவாகும் என்பதை அதே பாடப்புத்தகம்தான் எங்களுக்குச் சொல்லித் தருகிறது.

போன வருடம் ஒரு தரகர் மாமாவிடம் வந்து காணிக்கு விலை கேட்டிருக்கிறார். யாருக்காக என்று சொல்லவில்லை. விலை மட்டும் ஊர் விலையைவிட நல்ல விலை. காணி உம்மும்மாவின் பெயரில் இருந்து மாமா, உம்மா, சாச்சி மூவருக்கும் வந்தது. மூவரும் கையெழுத்து வைத்தால்தான் விற்கலாம். மாமா தொலைபேசியில் உம்மாவிடம் பேசியபோது, அவருடைய மூத்த மகனும் பேசினான். அவன் விற்க வேண்டும் என்ற பக்கம். "கடலுக்குப் போனா மீன் இல்ல மாமி. இந்திய ரோலர் வந்து வலையையும் அறுத்துட்டுப் போகுது. மணல் கம்பனி வந்தா மாசச் சம்பளமாவது கிடைக்கும்" என்றான். அவனது வயதுப் பையன்கள் பலர் கட்டாருக்குப் போய்விட்டார்கள். அவன் போகவில்லை, போகவும் விரும்பவில்லை. ஊரில் இருந்துகொண்டே சம்பாதிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒருவனிடம் ஊரின் நிலத்தடி நீரைப் பற்றிப் பாடம் எடுப்பது எனக்கு வெட்கமாகவே இருந்தது. நான் புத்தளத்தில் குழாயைத் திறந்து வுழூ எடுப்பவள்.

இருந்தாலும் என் கருத்தைச் சொல்லத்தான் வேண்டும். காணியை விற்கக் கூடாது, அந்தத் தீவில் மணலைத் தோண்டக் கூடாது. அவன் கேட்கும் சம்பளம் நியாயமானது. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் மணல் தீர்ந்ததும் கம்பனி போய்விடும், சம்பளமும் அதனோடு போகும். பிறகு மீனில்லாத கடலும் உப்புக் கிணறும்தான் அவனுக்கு மிஞ்சும். எங்கள் குடும்பம் ஒருமுறை அந்தக் கிணற்றை விட்டுவிட்டு வந்தது, அப்போது கேட்பாரில்லை. இந்த முறை கையெழுத்துக் கேட்கிறார்கள். அது பெரிய வித்தியாசம்.

சட்டத்தில் இதற்கு ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. எப்பாவலையில் பொஸ்பேற்றுப் படிவு முழுவதையும் ஒரு வெளிநாட்டுக் கூட்டு நிறுவனத்தின் கையில் கொடுக்க இருந்தபோது, அங்குள்ள விவசாயிகளும் ஒரு பிக்குவும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். முறையான சுற்றாடல் மதிப்பீடு இல்லாமல் அந்த ஒப்பந்தத்தில் இறங்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயற்கை வளங்களை அரசாங்கம் மக்களுக்காகப் பாதுகாக்கும் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கொள்கை அதில் பேசப்பட்டது. நம் வீடுகளில் அதற்கு அமானத் என்று பெயர். கவனிக்க வேண்டியது, எப்பாவலையில் அகழ்வு அடியோடு நின்றுவிடவில்லை. இன்றும் சிறிய அளவில் எடுத்து உரமாக விற்கிறார்கள். எடுப்பதையும் அளவாக எடுப்பதையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு அது சாட்சி. புல்மோட்டையில் கடல் திரும்பக் கொண்டுவந்து போடும் மணலை எடுப்பதும், மன்னாரில் நீரைத் தாங்கி நிற்கும் மணலை எடுப்பதும் ஒரே "சுரங்கத் தொழில்" என்ற தலைப்பின் கீழ் வந்தாலும் ஒரே வேலையல்ல.

உம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. சாச்சி, மற்ற இருவரும் சொல்வதைத்தான் தானும் சொல்வதாகச் சொல்லிவிட்டா.

சென்ற விடுமுறைக்கு மாமா வந்தபோது இரண்டு போத்தல்களில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். ஒன்று எங்கள் கிணற்றுத் தண்ணீர், மற்றது கடலுக்குக் கிட்ட உள்ள, இப்போது யாரும் குடிக்காத ஒரு கிணற்றுடையது. பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியையின் அனுமதியோடு இரண்டிலும் ஐதான நைத்திரிக்கமிலம் சில துளிகள், பிறகு வெள்ளி நைத்திரேற்றுச் சில துளிகள் விட்டுப் பார்த்தேன். கடற்கரைக் கிணற்றின் நீர் உடனே தயிரைப் போலத் திரண்டது, தடித்த வெள்ளை வீழ்படிவு. எங்கள் கிணற்று நீர் மெல்லக் கலங்கியது, அவ்வளவுதான். பரிசோதனைக் குழாய்கள் இரண்டையும் படமெடுத்து மாமாவின் மகனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இது எங்கட கிணறா?" என்று கேட்டு, கலங்கிய குழாயில் ஒரு வட்டம் போட்டு அனுப்பியிருந்தான். ஆம் என்றேன். மாரி மழை முடிந்ததும் இன்னொரு போத்தல் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.