மகன் கம்பெனியை வாங்கப் போன அப்பா: 3 வாரத்தில் கவிழ்ந்தது சத்யம்

கம்மாபுரம்:
கம்மாபுரத்தில் எல்.ஐ.சி. கட்டுகிறவர்களுக்கு ஐதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரம் யாரோ வீட்டு கதை இல்லை. அதன் பங்குகளில் எல்.ஐ.சி. பணமும் கிடந்தது.

2008 டிசம்பர் 16-ந்தேதி, தலைவர் ராமலிங்க ராஜுவின் மகன்கள் நடத்திய 2 மேட்டாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக சத்யம் அறிவித்தது. (சத்யத்தின் ஆங்கில எழுத்துக்களை பின்னால் இருந்து படித்தால் மேட்டாஸ்! உறவை மறைக்கக்கூட இல்லை.) இயக்குனர் குழுவும் தலையாட்டியது. பங்குதாரர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் பேரம் ரத்து.

2009 ஜனவரி 7-ந்தேதி குட்டு உடைந்தது. இல்லாத பணத்தை பல வருஷமாக கணக்கில் காட்டியதாக ராஜுவே கடிதம் எழுதினார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் மேட்டாசை வாங்கப் பார்த்தாராம். உறவுக்காரர் பேரம் வெளியே வந்ததால்தான் மொத்தமும் சிக்கியது. 2015-ல் கோர்ட்டு 7 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது. அப்பீல் செய்து ஜாமீனில் வந்தார்.

இப்போது 2013 கம்பெனி சட்டப்படி இப்படிப்பட்ட பேரங்களை ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும். பக்கத்து நெய்வேலி என்.எல்.சி.க்கும் இதே கதிதான். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தை நடத்தும் என்.டி.பி.எல்.லில் அதற்கு 89 சதவீத பங்கு. இரண்டுக்கும் நடுவே உள்ள கொடுக்கல் வாங்கல் 'தொடர்புடைய தரப்பினர்' என்ற தலைப்பில் வரும். அறிக்கையின் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில் தேட வேண்டும்.